உன்கிட்ட மட்டுந்தானே சொன்னேன்

"மக்களே, நான் உன்கிட்ட மட்டுந்தானே சொன்னேன்."

பிச்சிப்பூக் கூடையைக் குனிந்து எடுத்துக்கொண்டே, எங்களோடு பூக் கட்டுகிற அக்கா இதைச் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பதில் தேடி முடிப்பதற்குள் கூடையோடு உள்ளே போய்விட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. விடியுமுன் தோவாளைப் பூச்சந்தைக்கு வண்டியை எடுக்கும்போதெல்லாம் அந்தக் குரல் வந்துவிடுகிறது.

நாங்கள் ஏழு பேர். மாலை கட்டுகிறோம், கல்யாண மண்டபங்களுக்குப் பூ அலங்காரம் செய்கிறோம். முன்பு எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் போகும். "திங்கள் முகூர்த்தம், சம்பங்கி மாலை இரண்டு ஜோடி" என்று போட்டால், அதற்கு மேல் நாற்பது காலை வணக்கப் படங்கள் ஏறிவிடும். ஓணச் சமயத்தில் அது தாங்காது. அத்தத்திலிருந்து திருவோணம் வரை பத்து நாளும் கேந்தியும் கோழிக்கொண்டையும் கேரளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். காலையில் கேட்ட விலை மத்தியானம் இருக்காது. அப்படி ஒரு ஓணத்தில் ஒரு கல்யாண ஆர்டரையே மறந்துவிட்டோம். அதற்குப் பிறகுதான் கூகுள் கீப் என்ற குறிப்பெழுதும் செயலியில் ஒரு பட்டியல் போட்டு, எல்லாரையும் அதில் சேர்த்தேன். ஒருவர் டிக் செய்தால் எல்லார் போனிலும் மாறும். நாம் சேர்த்தவர்களைத் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு நமக்குள் பேசிக்கொள்கிற மாதிரி.

வீட்டுக்கென்று தனிப் பட்டியல் ஒன்று இருந்தது. கேஸ், கரண்ட் பில், பையனுடைய ஃபீஸ். அதில் நானும் மனைவியும் மட்டும். கூலிக் கணக்கு பார்ப்பது அவள்தான் என்பதால் தொழில் பட்டியலிலும் அவள் இருந்தாள். ஆவணியில் முகூர்த்தம் நெருக்கியபோது, விடிகாலை நான்கு மணிக்கு இரண்டு பட்டியலைத் திறந்து பார்ப்பது தொல்லையாகப் பட்டது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். யோசித்துச் செய்ததல்ல. தூக்கக் கலக்கத்தில் கட்டைவிரல் செய்த வேலை.

நான் எழுதிய வரி இது: "அக்கா – முன்பணம் 8000. சனிக்கிழமை கூலியில் பிடிக்க வேண்டாம். ஆபரேஷன் முடியட்டும்."

மனைவிக்காக எழுதியது. சனிக்கிழமை நான் ஏதாவது மண்டபத்தில் நிற்பேன், கூலி கொடுப்பது அவள். வழக்கம்போல் ஐந்நூறு பிடித்துவிடக் கூடாதே என்றுதான் எழுதினேன். அந்த வரியில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. இதை எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லியாகிவிட்டது. சொல்லும்போது சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம் மற்ற ஐந்து பேரும் அதைத் தங்கள் போனில் வாசிப்பது கண்ணுக்குள் வரும். என்ன ஆபரேஷன் என்று நான் எழுதவில்லை. நாற்பத்தைந்து வயதுப் பெண் என்றால் கூட வேலை செய்கிற பெண்களுக்கு எழுதவா வேண்டும்?

மத்தியானமே அந்த வரியை அழித்தேன். அது இன்னொரு தப்போ என்று தோன்றுகிறது. ஓர் இடத்தில் அழித்தால் எல்லார் போனிலும் போய்விடும். சும்மா இருந்திருந்தால் அது பத்தோடு பதினொன்றாகக் கிடந்திருக்கும். அழித்ததும், மறைக்க வேண்டிய விஷயம் என்று நானே எல்லாருக்கும் சொன்னதாக ஆகிவிட்டது.

செயலியைக் குறை சொல்ல மாட்டேன். பகிர்ந்தால் முழுக் குறிப்பும் பகிரப்படும், ஒரு வரியை மட்டும் ஒருவருக்குக் காட்டாமல் வைக்க முடியாது. அது எனக்குத் தெரியும். மனைவிக்கும் எனக்கும் தனியாக ஒரு குறிப்பு போட ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? வெளியாள் பார்க்கக் கூடாது என்பதிலேயே என் கவனமெல்லாம் இருந்தது. அக்கா ஒளித்து வைக்க நினைத்தது வெளியாளிடமிருந்து அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டுகிறவர்களிடமிருந்து. எங்கள் பக்கம் கடன் வாங்குவதைவிட, வாங்கியது நாலு பேருக்குத் தெரிவதுதான் பெரிய வலி. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இதை யாராவது சொல்லித்தர வேண்டுமா?

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். மறுநாளிலிருந்து அக்காவைத் தண்ணீர் வாளி தூக்க யாரும் விடவில்லை. பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து வரும் பையன், அவருடைய சந்தை முறையைத் தானே எடுத்துக்கொண்டான். அக்கா ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் பெண்கள் இரண்டு பேர் மாறி மாறி ராத்திரி துணைக்கு இருந்தார்கள். அந்த வரி இல்லாவிட்டால் இதெல்லாம் நடந்திருக்குமா? நல்லதாகத்தானே முடிந்தது என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டுவிட்டேன்.

"அவங்க கேட்டாங்களா?" என்றாள்.

இப்போது மூன்று பட்டியல். தொழிலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, நானும் மனைவியும் மட்டும் பார்க்கிற கணக்குக்கு ஒன்று. போன மாதம் அக்கா மறுபடியும் முன்பணம் கேட்டார், மகளுடைய காலேஜ் ஃபீஸுக்கு. என்னிடம் இனி வாயே திறக்க மாட்டார் என்று நினைத்திருந்தேன். கேட்டது எனக்குப் பெரிய ஆறுதல். இரண்டு மாசம் கழித்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். சரி என்று போனை எடுத்தேன். கணக்குப் பட்டியலில் எழுதலாம், மனைவியைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் கை ஓடவில்லை. ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் வாயால் சொன்னேன். அவளும் தலையாட்டினாள்.

அந்தச் சனிக்கிழமை பெரிய முகூர்த்தம். நான் மண்டபத்தில் இருந்தேன். அவள் நோட்டில் பாக்கியைப் பார்த்து, வழக்கம்போல் ஐந்நூறு பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்திருக்கிறாள். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் எண்ணி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். ஏன் பிடித்தாய் என்று அவள்மேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? எழுதி வைக்காதது நான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஐந்நூறை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மறந்துபோச்சு அக்கா என்றேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"சாயா குடிக்கியா மக்களே?" என்று கேட்டார். குடித்துவிட்டு வந்தேன்.