அம்மை போட்ட வீடும் என் பத்து நாளும்

எனக்குக் கர்ப்பத்தில் 14ஆவது வாரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க நாத்தனார் மகனை மடியில் வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். திங்கள் ராத்திரி அவனுக்கு முத்து போட்டுவிட்டது. எனக்குச் சொன்னது வியாழக்கிழமை! "அம்மா வந்திருக்கறத வெளிய சொல்லக்கூடாதில்ல அண்ணி" என்றாள். வாசலில் வேப்பிலை செருகத் தெரிந்தவளுக்கு மாசமாக இருக்கிறவளுக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லை. கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே ஒட்டும் என்பது எனக்கும் அதுவரை தெரியாதுதான். ஆனாலும் கோபம் ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை, ஏற்காட்டில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் நாலே கேள்வி கேட்டார். எத்தனை வாரம், பையனோடு என்றைக்கு இருந்தாய், எவ்வளவு நேரம், உனக்கு முன்னாடி அம்மை வந்திருக்கிறதா. ஒரே அறையில் கால் மணி நேரம் இருந்தாலே கணக்காம். கடைசிக் கேள்விக்குத்தான் பதில் இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டால், "உனக்கா, உங்கண்ணனுக்கா..." என்று இழுத்தார். ஏற்கெனவே வந்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை. வராதவளுக்கு 20 வாரத்துக்குள் வந்தால், நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைக்குக் கை கால், கண் பாதிக்கலாம். தாய்க்கும் நிமோனியா வரலாம். எதிர்ப்புச் சக்தி இல்லாவிட்டால், அதைத் தயாராகவே உடம்புக்குள் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசி போடலாம், அதுவும் பையனோடு இருந்த நாளிலிருந்து 10 நாளுக்குள். தடுப்பூசி கர்ப்பத்தில் கூடாது. "வாரிசெல்லா ஐஜிஜி" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். சின்னம்மைக்கு எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை அது.

சனிக்கிழமை 20 கொண்டை ஊசி வளைவிலும் கவரை வாயருகே பிடித்துக்கொண்டு சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டோக்கன் ஜன்னலில் பிக்மி எண், அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதிந்த எண், கேட்டார்கள். அட்டை வீட்டில்! "அட்டை எடுத்துட்டு திங்கக்கிழமை வாங்க." அவ்வளவுதான் பேச்சு. அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிராம சுகாதார நர்ஸிடம் கேட்டிருந்தாலும் எண் கிடைத்திருக்கும், அப்போது புத்தி வேலை செய்யவில்லை.

பையனோடு இருந்ததிலிருந்து திங்கள் எட்டாவது நாள். அன்றிலிருந்து நானே மற்றவர்களுக்குப் பரப்பலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்ததால், தனியார் லேபுக்கு முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டுத்தான் போனேன். அப்படியும் வயிற்றைத் தள்ளிக்கொண்டிருந்த மூன்று பெண்களுக்கு நடுவே உட்காரச் சொன்னார்கள். நானே எழுந்து வெளித் திண்ணைக்குப் போய்விட்டேன்.

செவ்வாய் ரிப்போர்ட் வந்தது. "நெகட்டிவ், நார்மல்தாங்க மேடம்" என்றது கவுண்டர். டாக்டருக்கு அனுப்பினால், அவர்கள் பார்த்திருந்தது ஐஜிஎம். அது புதுத் தொற்றைப் பார்ப்பது. எனக்குத் தெரிய வேண்டியதோ பழைய பாதுகாப்பு. சீட்டில் தெளிவாகத்தான் எழுதியிருந்தார். மறுபடி மலை இறங்க வேண்டுமா என்று அழுகையே வந்துவிட்டது. "அதே ரத்தம் மிச்சமிருக்கும், அதிலேயே பார்க்கச் சொல்லும்மா" என்றார். இருந்தது. காசு மட்டும் இன்னொரு தடவை வாங்கிக்கொண்டார்கள்.

புதன், பத்தாவது நாள், மூன்றரை மணிக்கு வாட்ஸப்பில் வந்தது: ஐஜிஜி பாசிட்டிவ். ஊசி வேண்டாம். அம்மாவிடம் சொன்னதும், "அதான், உனக்குத்தான் வந்துச்சு, இப்ப ஞாபகம் வருது" என்கிறார்!

அடுத்த வாரம் நாத்தனார் கூப்பிட்டாள், பையனுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துறோம், வாங்க அண்ணி என்று. பொருக்கெல்லாம் காய்ந்துவிட்டதா என்று மட்டும் கேட்டேன்.