விறைச்சிருச்சுன்னா எது?

"கை விறைச்சிருச்சு" என்று நுவரெலியாப் பக்கம் ஒருவர் சொன்னால் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். குளிரில் விரல் வளைந்து கொடுக்கவில்லை. மூட்டு இறுகி மடங்கவில்லை. அல்லது தொட்டால் தெரியவே இல்லை. தமிழ்நாட்டுக்காரருக்கு விறைப்பு என்றதும் பொலிஸ்காரர் நிற்கும் நிலைதான் ஞாபகம் வரும். இங்கே பல் பிடுங்குமுன் போடுவதையே விறைப்பூசி என்கிறோம். அதில் எதுவும் இறுகுவதில்லை, உணர்ச்சிதான் போகிறது. லயத்துப் பேச்சில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இதனால் குழப்பம் வராது. டிஸ்பென்சரி வரிசையில் வரும்.

குளிர் விறைப்பு லேசானது. அடுப்பங்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் விட்டுவிடும். விரல் நுனி முதலில் வெளுத்து, நீலம் பாய்ந்து, சூடேறும்போது சிவந்து வலித்தால் மட்டும் காட்டவேண்டும். அங்கே இரத்தக் குழாய் அளவுக்கு மீறிச் சுருங்குகிறது.

மூட்டு விறைப்புக்கு மணிக்கூட்டைப் பாருங்கள். விடிய எழுந்ததும் கையை மூட முடியவில்லை, ஆனால் அரை மணிக்குள் இளகிவிடுகிறது என்றால் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி நேரம் தாண்டியும் இளகாமல், இரண்டு கையிலும் விரல் மூட்டுகள் வீங்கி, வாரக்கணக்கில் தொடர்ந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குத் தைலம் தேய்த்து நாள் கடத்தினால் மூட்டு அரித்துக் கோணிவிடும், பிறகு நிமிர்த்த முடியாது. டாக்டரிடம் "காலையில் வலி" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை நிமிடம் என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, மரத்துப்போவது. இதில் எந்த விரல் என்பதுதான் கேள்வி. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்து, ராத்திரி தூக்கம் கலைந்து, கையை உதறினால் சுகமாக இருக்கிறதென்றால் மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குகிறது. தேயிலைக் கொழுந்து கிள்ளுவதும் இதே விரல்களால்தான். சுண்டுவிரல் பக்கம் மரத்தால் முழங்கையைப் பார்க்கவேண்டும். இரண்டு பாதமும் மேஸ் (காலுறை) போட்டமாதிரி மரத்திருந்தால் முதலில் இரத்தத்தில் சீனி பார்க்கச் சொல்லுவார்கள். மரத்த கை காலை மட்டும் குளிர் விறைப்பென்று நினைத்து அடுப்பிலோ சுடுதண்ணீரிலோ காட்டக்கூடாது. சுடுவது தெரியாது, தோல் கொப்பளித்த பிறகுதான் கண்ணில் படும்.

காய்ச்சலோடு கழுத்து விறைத்து, தலையிடித்து, வெளிச்சம் கூசினால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். அந்த நிமிடமே ஆஸ்பத்திரி.

டாக்டர் சிங்களம் மட்டும் பேசுபவராக இருந்தால் மரத்ததற்கு "ஹிரி வெட்டெனவா", குளிருக்கு "சீத்தலை". இறுக்கத்துக்குக் கையை மடக்கிக் காட்டிவிடுவதே மேல்.

ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், விறைப்புக்கு அர்த்தம் தலைகீழ். பறித்த கொழுந்து விறைப்பாக இருப்பது உள்ளே நிறைந்த தண்ணீரால். எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். 12 முதல் 18 மணி நேரம் காற்றோட்டத்தில் வாடவிட்டு அதைச் சுமார் 55 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால்தான் ரோலரில் முறுக்கு விழும். ஒரு பிடி அள்ளி இறுக்கி விரித்தால் உருண்டையாகவே நிற்கவேண்டும். காம்பை வளைத்தால் ஒடியக்கூடாது. 'டக்' என்று ஒடிந்தால் வாட்டம் பத்தாது. அப்படியே ரோலரில் போட்டால் இலை முறுகாமல் நொறுங்கும், சாறு வெளியே ஓடும். அளவுக்கு மேல் வாடினால் ஓரம் கருகி உதிரும். மழை நாளில் காற்றே ஈரமாக இருப்பதால் சூடு காற்றும் கலந்து விடுவார்கள். கடைசியில் காயவைத்து 3 சதவீத ஈரத்துக்கு வந்ததும் தேயிலை மறுபடி விறைக்கும், இந்தத் தடவை தண்ணீர் இல்லாமல்.

வீட்டில் தேங்காய் எண்ணெய் போத்தலும் விறைக்கும். சுமார் 24 பாகைக்குக் கீழே அது கட்டியாகும். நுவரெலியாவின் சராசரியே 16 பாகைதான். கெட்டுப்போகவில்லை, வெந்நீரில் நிறுத்தினால் போதும். ஆறிய ரொட்டி விறைப்பது காய்ந்ததால் மட்டுமல்ல, வெந்த மாப்பசை ஆறும்போது திரும்ப இறுகுவதால். தண்ணீர் தெளித்து மூடிச் சூடாக்கினால் இளகும், உடனே சாப்பிட்டுவிட வேண்டும்.

மனிதருக்கு வந்தால் தமிழ் கவனமாகப் பிரிக்கிறது. "ஐயா ரொம்ப விறைப்பு" என்பது காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துத் தோரணை; வீட்டுக்குப் போனால் கழற்றிவிடலாம். "மனசு மரத்துருச்சு" என்பது வேறு, அடிமேல் அடி வாங்கியவர் சொல்வது. சாவு வீட்டில் கண்ணீர் வராமல் உட்கார்ந்திருப்பவரைக் கல் நெஞ்சு என்பவர்கள் இந்த இரண்டையும் குழப்புகிறார்கள். அன்பில்லாத ஆளுக்கு நாம் சொல்வது "நெஞ்சில் ஈரமில்லை". கொழுந்துக்கு ஈரம் விறைப்பு, நெஞ்சுக்கு ஈரம் இளக்கம்.

இதில் குளிருக்கு இடமே இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஆங்கிலத்தில் அன்பில்லாதவர் குளிர்ந்தவர். வெயில் நாட்டில் வளர்ந்த தமிழிலோ மனம் குளிர்ந்தால் அது வாழ்த்து. உறைபனி விழும் ஜனவரியில், கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே எங்கள் பாட்டிமாரும் "மனசு குளிர்ந்துச்சு சாமி" என்றுதான் சொல்லுவார்கள். அதனால் மொழிபெயர்ப்பவர்களே, கதையில் மாமியார் மருமகளைக் "குளிர்ந்த பார்வை" பார்த்ததாக எழுதிவிடாதீர்கள். நானுஓயாவில் படிப்பவர் இரண்டு பேரும் ராசியாகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார். "முகங்கொடுக்கவில்லை" என்று எழுதுங்கள்.