சென்னை–சிங்கப்பூர் வான்வழி திறந்தபோது: 98 நாள், 72 மணி நேரம், ஒரு இனிஷியல்

கோவிட் கட்டுப்பாடுகளுக்கு நடுவே, 2021 நவம்பர் 29 அன்று சென்னை, டெல்லி, மும்பை ஆகிய மூன்று ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்குத் தனிமைப்படுத்தல் இல்லாத பயணம் தொடங்கியது. ஊருக்கு இரண்டாக நாளொன்றுக்கு ஆறு விமானங்கள். திருச்சி பட்டியலில் இல்லை. சிங்கப்பூருக்குப் போய்வருபவர்களில் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் என்று தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுபடல் என்று சொல்ல வேண்டியதில்லை. "எல்லை திறந்தது" என்று செய்தி வந்தாலும், உண்மையில் திறந்தது குறிப்பிட்ட விமான எண்களுக்கு மட்டும்தான். விடிஎல் (ஊசி போட்டவர்களுக்கான தனிப் பயணத்தடம்) என்று குறிக்கப்பட்ட விமானத்தில் வந்தால் தனிமை இல்லை. தடுப்பூசிச் சான்றிதழும் நெகட்டிவ் ரிப்போர்ட்டும் கையில் இருந்தும் வேறு விமானத்தில் வந்து இறங்கினால் வழக்கமான வீட்டில் தங்கும் உத்தரவுதான். மலிவான டிக்கெட்டைப் பார்த்ததும் வாங்கிவிட்டு, பிறகு விதியைப் படித்தவர்கள் பலர் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

முதல் கணக்கு தடுப்பூசியில் தொடங்கும். இரண்டாவது ஊசி போட்டு 14 நாள் கழிந்தால்தான் முழுமையாகப் போட்டவர் என்று சிங்கப்பூர் ஏற்றது. இந்தியாவில் அப்போது கோவிஷீல்டின் இரு ஊசிகளுக்கு இடையில் 84 நாள் இடைவெளி. ஆக, முதல் ஊசியிலிருந்து 98 நாள். ஆகஸ்ட் 20-ல் முதல் ஊசி போட்டவருக்கு நவம்பர் 12-ல் இரண்டாவது, 26-ல் தகுதி, முதல் நாள் விமானத்திலேயே ஏறலாம். ஆகஸ்ட் 24-ல் போட்டவருக்கு நவம்பர் 30 வரை காத்திருப்பு. வெளிநாட்டுப் படிப்பு, வேலை ஆகியவற்றுக்காக இந்த இடைவெளியை 28 நாளாகக் குறைக்கும் சலுகை 2021 ஜூனில் வந்தது. சுற்றுலா போகிறவர்களுக்கும், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற தாத்தா பாட்டிக்கும் அது பொருந்தவில்லை. கோவாக்சின் போட்டவர்களுக்கு இடைவெளி 28 நாள்தான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் அவசரகால ஒப்புதல் அதற்குக் கிடைத்தது 2021 நவம்பர் 3-ல். அதுவரை அந்த நிறுவனத்தின் ஒப்புதல் பட்டியலை மட்டுமே நம்பிய நாடுகளின் கண்ணில் அவர்கள் ஊசியே போடாதவர்கள்.

அடுத்தது பெயர். நம்மூருக்கே உரிய சிக்கல் இது. ஆதாரில் "எஸ். முருகன்"; அதை வைத்துப் போட்ட ஊசிக்கு, அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் தரும் சான்றிதழிலும் "எஸ். முருகன்". பாஸ்போர்ட்டிலோ இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப்பெயர் இடத்தில் எழுதியிருப்பார்கள். கியூஆர் குறியீட்டைச் சரிபார்க்கும் கணினிக்கு இந்த இருவரும் ஒருவர்தான் என்று தெரியாது. கோவின் தளத்தில் குறை தெரிவிக்கும் பகுதிக்குப் போய், முதலில் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து திருத்தி, அதன்பின் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்க வேண்டும். திருத்த வாய்ப்பு ஒரே முறைதான் என்று தளமே எச்சரித்தது. அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டால் மறுபடி அலைச்சல். பிறந்த ஆண்டு மட்டும் இருந்த சான்றிதழில் முழுப் பிறந்த தேதியும் சேர்ந்தது, பிரிட்டனுடன் இந்தியாவுக்கு ஏற்பட்ட சான்றிதழ்ச் சச்சரவுக்குப் பிறகுதான். அதற்கு முன்பே தரவிறக்கி லேமினேட் செய்து வைத்திருந்தவர்கள் புதிதாக எடுத்தாக வேண்டியிருந்தது.

சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தவிர மற்றவர்களுக்கு முன்கூட்டியே பயண அனுமதி வேண்டும். இந்தியப் பயணிகளுக்கான விண்ணப்பம் நவம்பர் 22-ல் திறந்தது. புறப்படுவதற்கு முந்தைய 14 நாளும் விடிஎல் நாடுகளிலோ சிங்கப்பூரிலோ மட்டுமே இருந்திருக்க வேண்டும். கொழும்புக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுச் சென்னை வழியாகப் பறக்க நினைத்தால், இலங்கை பட்டியலில் சேர்ந்த டிசம்பர் 16 வரை அது நடக்காது. குறுகியகாலப் பயணிக்குக் குறைந்தது 30,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு கோவிட் மருத்துவக் காப்பீடு கட்டாயம். இதைச் சடங்காக நினைத்தவர்கள் உண்டு. பாசிட்டிவ் வந்தால் சிகிச்சைச் செலவு பயணியின் தலையில்தான் விழும் என்பதால் வைத்த விதி அது. திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக வாங்குவதும் இதே காரணத்துக்காகத்தான். இதை எந்த அரசுத் தளமும் அழுத்திச் சொல்லவில்லை.

பரிசோதனை இரண்டு கட்டம். புறப்படும் முன் 2 நாளுக்குள் ஒன்று. சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் பிசிஆர் ஒன்று. இரண்டாவதற்கு 125 வெள்ளி. முன்பதிவு செய்து பணம் கட்டியிருந்தால் வரிசை வேகமாக நகரும். முடிவு வரும்வரை முன்பே அறிவித்த முகவரியில் தனியாக இருக்க வேண்டும்.

ஊர் திரும்பும்போது இந்தியா கேட்டது, புறப்படுவதற்கு 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர். கடிகாரம் ஓடத் தொடங்குவது மூக்கில் குச்சி விட்ட நேரத்திலிருந்து. ரிப்போர்ட் கைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. ரிப்போர்ட்டில் மாதிரி எடுத்த நேரம், பதிவு நேரம், வெளியிட்ட நேரம் என்று மூன்று அச்சாகியிருக்கும். செக்-இன் கவுன்டரில் பார்ப்பது முதலாவதை. சனிக்கிழமை இரவு 11 மணி விமானம் என்றால் புதன் இரவு 11-க்குப் பிறகு மாதிரி கொடுக்கலாம். ஆனால் விமானம் ஆறு மணி நேரம் தாமதமானால் என்ன ஆகும் என்று யோசித்து வியாழன் காலை கொடுப்பதுதான் விவேகம். வெள்ளி மாலை வரை தள்ளினால் ரிப்போர்ட் வராமலே விமானம் போய்விடும். இன்னொரு பொறி: தொற்று வந்து குணமானவர்கள். உடலில் உயிருள்ள கிருமி இல்லாவிட்டாலும் அதன் மரபணுத் துணுக்குகளை பிசிஆர் வாரக்கணக்கில் காட்டிக்கொண்டே இருக்கும். அண்மையில் தொற்று வந்துபோனவர்களுக்குப் பழைய பாசிட்டிவ் ரிப்போர்ட்டையே சான்றாக ஏற்று முன்பரிசோதனையிலிருந்து விலக்களித்தது சிங்கப்பூர். அந்தப் பழைய தாளைக் கிழித்துப் போட்டவர்களுக்கு வழியில்லை.

விடிஎல் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு, நவம்பர் 26-ல், ஒமிக்ரானுக்குப் பெயர் சூட்டப்பட்டது. டிசம்பர் 6 நள்ளிரவிலிருந்து விடிஎல் பயணிகள் ஏழு நாள் தினமும் பரிசோதிக்க வேண்டியதாயிற்று: 2, 4, 5, 6-ம் நாள்களில் தாங்களே ஏஆர்டி (விரைவு ஆன்டிஜென் சோதனை) செய்வது, 3, 7-ம் நாள்களில் மையத்துக்குப் போய் மேற்பார்வையில் செய்வது. டிசம்பர் 23 முதல் ஜனவரி 20 வரை புதிய விடிஎல் டிக்கெட் விற்பனையே நின்றது. மீண்டும் விற்றபோது இடங்கள் பாதி. மூன்று நாள் பயணமாகப் போனவருக்கு 7-ம் நாள் சோதனை பொருந்தாது. ஒரு மாதம் தங்கப் போனவருக்கு முதல் வாரத் திட்டம் முழுவதும் மாறியது.

திரும்பும் வழியில் நிலைமை தலைகீழ். டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்த இந்திய விதியில் சிங்கப்பூரும் ஆபத்து நாடுகளின் பட்டியலில் இருந்தது: இறங்கியதும் பரிசோதனை, முடிவு வரும்வரை விமான நிலையத்திலேயே காத்திருப்பு, 7 நாள் வீட்டுத் தனிமை, 8-ம் நாள் மறுபரிசோதனை. அம்மாதத்திலேயே சிங்கப்பூரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பிறகு 2022 ஜனவரி 11 முதல் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் 7 நாள் வீட்டுத் தனிமை என்றார்கள். இந்தக் கடைசி உத்தரவுக்கு எந்தத் தர்க்கமும் இருந்ததாக எனக்குப் படவில்லை. வெளியே தொற்று அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் இருக்கும்போதுதான் எல்லைத் தனிமைக்கு அர்த்தம். அந்த ஜனவரியில் சென்னைத் தெருவிலேயே ஒமிக்ரான் பரவிக்கொண்டிருந்தது; சாங்கியிலிருந்து ஊசியும் போட்டு, நெகட்டிவ் ரிப்போர்ட்டோடும் வந்தவரை அறைக்குள் பூட்டி யாரைக் காப்பாற்றுவது? பிப்ரவரி 14-ல் அது கைவிடப்பட்டது.

அதே அளவுகோலில் பார்த்தால் 2021 மே மாதத்தில் சிங்கப்பூர் செய்தது நியாயமானது. உள்ளே தொற்று மிகக் குறைவு, டெல்டா புதிது, அதன் நோயரும்பும் காலம் (தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியும்வரையான நாள்கள்) எவ்வளவு என்று தெரியாது. ஏப்ரல் 24 முதலே அண்மையில் இந்தியாவில் இருந்த பாஸ்காரர்களுக்கும் (நீண்டகால அனுமதி பெற்ற வெளிநாட்டவர்) வருகையாளர்களுக்கும் கதவை அடைத்துவிட்டு, மே 7-லிருந்து அதிக ஆபத்துள்ள நாடுகளிலிருந்து வந்த மற்றவர்களை 21 நாள் தனிமையில் வைத்தார்கள். தரவு சேர்ந்தபின், டெல்டாவின் நோயரும்பும் காலம் மற்றவற்றைவிட நீளமில்லை என்று கண்டு ஜூன் 23-ல் 14 நாளாகக் குறைத்தார்கள். குறைத்த கையோடு 3, 7, 11-ம் நாள்களில் சுயபரிசோதனையைச் சேர்த்தார்கள். நாளைக் குறைத்தால் சோதனையைக் கூட்டுவது என்ற இந்தச் சமன்பாடுதான் பிற்பாடு விடிஎல் ஆனது.

2022 ஏப்ரல் 1-ல் விடிஎல் முறையே போய், ஊசி போட்ட எவரும் எந்த விமானத்திலும் வரலாம் என்றானது. அதன்பின் திருச்சி விமானத்துக்கும் சென்னை விமானத்துக்கும் வேறுபாடே இல்லை. ஏப்ரல் 26-ல் ஊசி போட்டவர்களுக்குப் புறப்பாட்டுப் பரிசோதனையும் போயிற்று. இந்தியாவின் வழக்கமான சர்வதேச விமான சேவை, இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின், மார்ச் 27-ல் மீண்டது. இந்தியாவுக்கு வருபவர்கள் இணையத்தில் நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா படிவம் நவம்பர் 22 வரை நீடித்தது. சீனாவில் தொற்று பெருகியதும் 2023 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் உட்பட ஆறு இடங்களிலிருந்து வருபவர்களுக்கு அதே படிவமும் ஆர்டி-பிசிஆரும் திரும்ப வந்தன. பிப்ரவரி 13-ல் இந்தியா அதை எடுத்தது. அதே நாளில் சிங்கப்பூரும் ஊசி போடாதவர்களுக்கு மிச்சமிருந்த பரிசோதனையையும் காப்பீட்டையும் நீக்கியது.