நம்பாத தோழியிடம் எப்படிச் சொல்வது

மனசை அறுக்கிற ஒன்றை நெருங்கிய தோழியிடம் சொல்கிறோம். அவள் வாயில் முதலில் வருவது, "இன்னாத்துக்கு அப்பவே சொல்லல?" அதோடு பேச்சு விசாரணை ஆகிவிடும். சொல்பவர் தன்னை நிரூபிக்கத் தவிப்பார், கேட்பவர் ஓட்டை தேடுவார்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். சூப்பர்வைசர் பாலியல் தொந்தரவு கொடுக்கிறார். அதே லைனில் வேலை செய்யும் தோழிக்கோ அந்த ஆள் ரொம்ப நல்லவர், அவசரத்துக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொடுத்தவர். அவள் சந்தேகப்படக் காரணம் பெரும்பாலும் நீங்கள் இல்லை. நீங்கள் சொல்வது நிஜமென்றால் நாளை காலை அவளும் அதே ஆள் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். நம்பாமல் இருந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

சொல்லும் விதமும் சந்தேகத்தைக் கிளப்பும். அதிர்ச்சியில் நடந்தது எல்லாம் ஒரே மாதிரி மனதில் பதியாது. கை பட்ட இடம், குரல், வாடை எல்லாம் அப்படியே நிற்கும். தேதியும் எது முன்னால் எது பின்னால் என்பதும் குழம்பும். முதல்முறை விட்டுப்போனது இரண்டாம்முறை நினைவுக்கு வரும், உடனே "அன்னிக்கு வேற மாதிரி சொன்னியே" என்பார்கள். சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், சிலர் செய்தி வாசிப்பதுபோல. அழுதால்தான் உண்மை என்று சீரியல்கள் நம்மைப் பழக்கி வைத்திருப்பதால் அதுவும் குற்றமாகிவிடுகிறது.

அதனால் யாரிடமும் சொல்வதற்கு முன் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். இடம், நடந்தது, அந்த ஆள் பேசிய சொற்கள் அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள். தேதி தெரியாவிட்டால் "பொங்கல் லீவு முடிந்து வந்த வாரம்", "ஆடிக் கிருத்திகைக்கு முன்னால்" என்று எழுதினாலும் போதும். தெரியாததை "நினைவில்லை" என்றே எழுதுங்கள். குத்துமதிப்பாக எழுதியது தப்பாகப் போனால், சரியாகச் சொன்னதையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும்.

கம்பெனி பஸ்ஸில் பேச்சை எடுக்கவே வேண்டாம், வாலாஜா வருவதற்குள் நாலு சீட்டுக்குத் தெரிந்துவிடும். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜும் வேண்டாம், அதை யாருக்கு வேண்டுமானாலும் தள்ளிவிடலாம். வேலூரில் இருப்பவர்கள் கோட்டை அகழி ஓரமாக, ஞாயிறு தவிர்த்த ஒரு சாயங்காலம் நடந்துகொண்டே பேசலாம். எதிரெதிரே உட்கார்ந்து முகம் பார்த்துச் சொல்வதைவிடப் பக்கத்தில் நடந்தபடி சொல்வது சுலபம்.

ஆரம்பம் இப்படி இருக்கட்டும்: "ஒரு விஷயம் சொல்லணும்டி. நம்புறியா இல்லையான்னு இப்பவே சொல்ல வேணாம். பத்து நிமிஷம் குறுக்க பேசாம கேளு, போதும்." பிறகு நடந்ததை நேராக நாலைந்து வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். "அவரு மொதல்ல நல்லாத்தான் பேசினாரு" என்று தொடங்கினால் விஷயத்துக்கு வருவதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்திருப்பாள்.

ஏன் அப்பவே சொல்லவில்லை என்றால், "வேலை போயிடும்னு பயம்." ஒரு முறை சொன்னால் போதும். அதையே மறுபடி கேட்டால், "அதுக்குதான் சொல்லிட்டேனே" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்துக் காட்டத் தோன்றும். காட்டாதீர்கள், அனுப்பவும் அனுப்பாதீர்கள். தோழிக்கு ஆதாரம் காட்டத் தொடங்கினால் அதற்கு முடிவே இல்லை, எவ்வளவு காட்டினாலும் இன்னும் ஒன்று கேட்பாள்.

ஆதாரம் தேவைப்படுகிற இடம் வேறு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அதைவிடச் சின்ன இடமென்றாலும், முதலாளி மேலேயே புகார் என்றாலும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். கான்ட்ராக்டில் இருப்பவர்களுக்கும் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். புகார் எழுத்தில், ஆறு பிரதிகள், சாட்சிகளின் பெயர் முகவரியோடு. கடைசியாக நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். தோழி நம்பட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருப்பார்கள். அவள் தயங்கித் தயங்கி நம்புவதற்குள் கெடு முடிந்திருக்கும். அவள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் புகார் தன் வழியில் போகட்டும்.

மெசேஜை எதையும் அழிக்காதீர்கள். தானாக மறையும் மெசேஜ் என்றால் நம்பரும் தேதியும் தெரிகிற மாதிரி உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, உங்கள் மெயிலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். போன் மாற்றினாலும் பழையதை எக்ஸ்சேஞ்சில் போட வேண்டாம்.

தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல் போனால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நேரில் போக வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181.

கேட்டதை அவள் நாலு பேரிடம் சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஒரு வார்த்தையும் அவளிடம் வேண்டாம். சிலர் ஒரு வாரம் யோசித்துவிட்டுத் தாமே திரும்பி வருவார்கள். அப்போது கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. டூட்டி முடிந்து பஸ் வரைக்கும் கூட வர முடியுமா, குழு கூப்பிட்டால் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வாளா என்று கேளுங்கள். சாட்சியாக அவள் பெயரை எழுதுவதாக இருந்தால் அதற்கு முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள்.