ஊரை விட்டு நான் வந்துவிட்டேன், வண்டி வர மாட்டேன் என்றது

நேற்றுதான் என் காருக்கு கேஏ எண்ணோடு, அதாவது கர்நாடக எண்ணோடு, புது ஆர்சி (பதிவுச் சான்று) கைக்கு வந்தது. ஏழு மாதம். ஊருக்கும் மைசூருக்கும் ஐந்து முறை அலைந்ததில் மூன்று முறை சுத்தமாக வீண். மாநிலம் மாறலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன், என் வயிற்றெரிச்சலும் கொஞ்சம் அடங்கும்.

ஏன் கிளம்பினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதாளச் சாக்கடைக்காக எங்கள் தெருவைத் தோண்டினார்கள். குழாய் இறக்கினார்கள், மேலே மண்ணைத் தள்ளினார்கள், போய்விட்டார்கள். முதல் மழையில் மண் உள்வாங்கி, எங்கள் கேட்டுக்கு நேர் எதிரே முழங்கால் ஆழத்துக்குக் குழி. 2016 கடைசியிலிருந்து 2022 தொடக்கம் வரை தமிழ்நாட்டு நகரங்களில் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர் ஆட்சிதான், அதனால் அப்போது யாரிடம் போய்ச் சொல்வது என்றே தெரியவில்லை. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து கவுன்சிலர் வந்தார், குழியைப் பார்த்தார், "பெரிய குழிதாங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஒன்றரை மாதத்தில் சொத்து வரியை ஏற்றும் அறிவிப்பு வந்தது, எங்கள் வீட்டு அளவுக்கு 75 சதவீதம். சரி, வரியை ஏற்றிக்கொள்ளட்டும், குழியை மூடட்டும் என்று ஆன்லைனில் புகார் போட்டால், நான்காம் நாள் 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ். உடன் இணைத்திருந்த போட்டோவில் இருந்தது வேறு ஏதோ தெரு. இப்படியே பதினொரு புகார் 'தீர்ந்தது'. ஒரு நாள் மனைவி ஸ்கூட்டியோடு அந்தக் குழியில் சரிந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தபோது, ஆபீசில் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த மைசூர் மாற்றலுக்கு அன்று ராத்திரியே சரி சொல்லிவிட்டேன்.

வீட்டுச் சாமான் ஒரே லாரியில் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது. கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்கியது அரை மணி நேரம். வாக்காளர் பட்டியலில் இடம் மாற்ற படிவம் 8, ஆன்லைனிலேயே முடிந்தது. டிரைவிங் லைசென்ஸ் நாடு முழுக்கச் செல்லும், அதைப் பற்றி யார் பயமுறுத்தினாலும் கண்டுகொள்ளாதீர்கள். பையனின் டிசி மட்டும் ஒரு நாளைத் தின்றது. வேறு மாநிலப் பள்ளி என்றால் கல்வி அலுவலரின் மேலொப்பம் வேண்டும் என்பதை எங்கள் பள்ளியில் சொல்லவே இல்லை, இங்கே வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. டிசி வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள்.

மற்றதெல்லாம் கார்.

வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநில எண்ணுக்கு மாற்றியாக வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 47. மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டாத பிஎச் சீரிஸ் எண்ணை வாங்கிக்கொள்ளேன் என்று நண்பர்கள் சொன்னார்கள். அது அரசு ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனி ஆட்களுக்கும்தான். எங்கள் கம்பெனிக்கு இரண்டு மாநிலம். ஆக, ஊர் ஆர்டிஓவில் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே லைஃப் டாக்ஸ் (ஆயுள் வரி) புதிதாகக் கட்டி, பிறகு அங்கே பழைய வரியில் மிச்சத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

என்ஓசிக்கு விண்ணப்பிக்க, அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாஹனில் உட்கார்ந்தேன். ஓடிபி அனுப்பிவிட்டோம் என்றது. என் போனுக்கு எதுவும் வரவில்லை. கடைசி நான்கு எண்ணைப் பார்த்தால் அது என் நம்பரே இல்லை! வண்டி வாங்கிய அன்று ஷோரூம் பையன் தன் நம்பரைப் போட்டுப் பதிந்திருக்கிறான். ஷோரூமில் கேட்டால் அவன் வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறதாம். அந்த நம்பரை மாற்றவே ஒரு முறை ஊருக்குப் போனேன். தயவுசெய்து இன்றைக்கே உங்கள் வண்டிக்கு எந்த நம்பர் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது ஹெச்பி, அதாவது ஆர்சியில் இருக்கும் வங்கிக் கடன் பதிவு. கார் லோன் முடிந்து இரண்டு வருஷம், வங்கிக் கடிதம் பீரோவில் பத்திரமாக இருந்தது, ஆனால் ஆர்சியில் வங்கிப் பெயரை எடுக்கவில்லை. இது முழுக்க என் சோம்பேறித்தனம். கடிதம் பழசாகிவிட்டது, புதிதாக வாங்கி வா என்றார்கள். வங்கியில் பத்து நாள். அந்தப் பதிவை நீக்கும் படிவம் 35-ல் வங்கி முத்திரை கோணலாக விழுந்ததற்கு கிளார்க் ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், நான் கள்ள நோட்டு நீட்டியது போல.

பிறகு என்ஓசிக்கான படிவம் 28. இதில் சேசிஸ் எண்ணின், அதாவது வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணின், அச்சை ஒட்ட வேண்டும். என்ஜின் பக்கம் குனிந்து, அந்த எண் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் எழுத்துகள் வெள்ளையாகத் தாளில் எழும்பும். சின்ன வயசில் நாணயத்தைத் தேய்த்து விளையாடுவோமே, அதேதான். ஆர்டிஓ வாசலில் இதற்கென்றே ஒருவர் இருக்கிறார், ஆறு தாளை இரண்டு நிமிடத்தில் தேய்த்துக் கொடுத்தார். நான் அதற்கு முன்னால் வீட்டில் முக்கால் மணி நேரம் முயன்று கையெல்லாம் கிரீஸ் ஆனதுதான் மிச்சம். எத்தனை பிரதி என்பதில் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள், நான்குக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ஓசி வந்தது. துள்ளிக் குதித்துக்கொண்டு மைசூர் வந்தேன். இங்கேதான் பெரிய அடி.

மைசூரில் ஆர்டிஓ இரண்டு: மேற்குக்கு கேஏ 09, கிழக்குக்கு கேஏ 55. நாம் விண்ணப்பத்தில் எந்த ஆர்டிஓவைக் குறிக்கிறோமோ அந்த ஆர்டிஓவின் பெயருக்குத்தான் என்ஓசி வரும். நான் விண்ணப்பித்தபோது கம்பெனி விடுதியில் இருந்தேன், அந்த முகவரிக்குரிய எண்ணைப் போட்டேன். வாடகைக்கு வீடு கிடைத்தது ஊரின் அடுத்த பக்கம். ஊர் ஒன்றுதானே, உள்ளுக்குள் மாற்றிக்கொள்வார்கள் என்று நினைத்தது என் முட்டாள்தனம். கவுண்டரில் இருந்தவர் என்ஓசியைப் பார்த்தார், வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்தார், இரண்டையும் ஒன்றாக மடித்து என் பக்கம் தள்ளினார். "சார், இது நம்ம ஆபீஸ் இல்ல. கேன்சல் மாடி பன்னி." பாதித் தமிழ் பாதிக் கன்னடம், ஆனால் ரத்து செய்துவிட்டு வாருங்கள் என்ற அர்த்தம் முழுசாகப் புரிந்துவிட்டது.

என்ஓசியை ரத்து செய்ய என்ன வேண்டும் தெரியுமா? முதலில் குறித்த ஆர்டிஓவில் 'இந்த வண்டி இங்கே பதிவாகவில்லை' என்று ஒரு கடிதம். அதை எடுத்துக்கொண்டு ஊருக்கு. அங்கே, "இதுல தேதி போடலீங்களே?" உண்மைதான், கையெழுத்தும் முத்திரையும் இருந்தன, தேதி இல்லை. பேனாவை எடுத்து நானே எழுதிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எழுதவில்லை. திரும்ப மைசூர், திரும்ப ஊர். வழியில் டோல் கட்டிய காசுக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம் என்று மனைவி சொல்கிறாள், அது கொஞ்சம் மிகை.

ஆகவே வீடு முடிவாகி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு மட்டும் என்ஓசிக்குப் போடுங்கள். யாராவது ஒரு தாளைக் கொடுத்தால் கவுண்டரை விட்டு நகராமல் அங்கேயே நின்று தேதி, எண், முத்திரை மூன்றையும் பாருங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

இரண்டாவது என்ஓசிக்குப் பிறகு வேகமாகத்தான் போனது, இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து சேசிஸ் எண்ணைச் சரிபார்த்தார், வரி கட்டச் சொன்னார். அந்த வரிதான் வலித்தது. ஐந்து வருஷ வண்டிக்கு எழுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. புரோக்கர் ஒருவர் பாதியில் முடித்துத் தருகிறேன் என்றார், எப்படி என்று கேட்டதற்கு 'அதெல்லாம் எதுக்கு சார்' என்றார். வேண்டாம் என்று நானே கட்டினேன், ரசீதை மூன்று இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன்.

இனி பாக்கி இருப்பது தமிழ்நாட்டு வரியைத் திரும்ப வாங்குவது. புது ஆர்சி நகலும் பழைய வரி ரசீதும் வைத்து ஊரிலேயே மனுக் கொடுக்க வேண்டும், ஆக ஆறாவது பயணம் உறுதி. வரும் வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி வாங்க போன் பண்ணியபோது குழி என்னக்கா ஆச்சு என்று கேட்டேன். "அது அப்படியேதான் கண்ணு இருக்குது, யாரோ வேப்பங்கிளையை ஒடிச்சு நட்டு வச்சிருக்காங்க. காரை இந்தப் பக்கம் கொண்டாந்துராத, முக்குலயே நிறுத்திட்டு நடந்து வா."