ஓர் எழுத்து விட்டுப்போனது, சூடோ உரிமை பறிபோனது

என் உபுண்டு லினக்ஸ் கணினியில், சீரியல் போர்ட்டில் இணைத்த கருவியைத் திறக்க, அதற்கு உரிமை தரும் டயல்அவுட் குழுவில் என் கணக்கைச் சேர்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான். கணக்கு விவரங்களை மாற்றும் யூசர்மாட் கட்டளையில் '-ஏஜி' என்று கொடுப்பதற்குப் பதில் பெரிய ஜி-யை மட்டும் கொடுத்துவிட்டேன். எந்த எச்சரிக்கையும் வரவில்லை. குழு மாற்றம் மறுநுழைவில்தான் செல்லுபடியாகும் என்பதால் வெளியேறி மீண்டும் நுழைந்தேன். நிர்வாகி உரிமையோடு கட்டளைகளை இயக்கும் சூடோவை அடுத்து அழைத்தபோது கிடைத்த பதில்: சூடோயர்ஸ் கோப்பில், அதாவது அதற்கு அனுமதி உள்ளவர்கள் பட்டியலில், உங்கள் பெயர் இல்லை.

பெரிய ஜி தனியாக வந்தால், கூடுதல் குழுக்களின் பட்டியலையே அழித்து மாற்றி எழுதிவிடும். 'ஏ' சேர்ந்தால்தான் இருப்பதோடு சேர்க்கும். இப்படி ஆபத்தான ஒன்று ஒரு கேள்வியும் கேட்காமல் நடந்துவிடுவது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த உபுண்டு கணினியில் சூடோ உரிமை உள்ள கணக்கு என்னுடையது ஒன்றுதான். முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கோ வழக்கம்போலப் பூட்டியே இருந்தது. மறுதொடக்கம் செய்து, கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியல் வழியாக மீட்பு முறையில், ரூட்டாகக் கட்டளையிடும் ஷெல்லுக்குப் போனேன். பதற்றத்தில் உடனே என்னை சூடோ குழுவில் சேர்க்கப் பார்த்தேன். 'பாஸ்வேர்டு கோப்பைப் பூட்ட முடியவில்லை, பிறகு முயலவும்' என்றது. பிறகு முயன்றேன், மறுபடியும் அதே செய்தி. மீட்பு முறையில் வட்டு படிக்க மட்டுமே திறந்திருக்கிறது என்பதை அந்தச் செய்தி சொல்லவே இல்லை. கால் மணி நேரம் வீண்.

ஆனால் அந்தத் தோல்விதான் என்னைக் காப்பாற்றியது. கணினியின் அமைப்புக் கோப்புகள் உள்ள ஈடிசி கோப்புறையில், குழுக்களின் பட்டியலான 'குரூப்' கோப்பின் அருகே, பெயரின் கடைசியில் ஒரு சிறு கோடு போட்ட இன்னொரு கோப்பு இருக்கும். கடைசி மாற்றத்துக்கு முந்தைய நிலை அதில் இருக்கிறது. ஒரே ஒரு பிரதிதான். அடுத்த மாற்றத்தில் அதுவும் போய்விடும். என் அவசரக் கட்டளை பலித்திருந்தால், பாழான பட்டியலே பிரதியாகப் பதிந்திருக்கும்.

வித்தியாசங்களைக் காட்டும் டிஃப் கட்டளையில் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். பழைய கோப்பில் சூடோ, சிடிராம், பிளக்டெவ், எல்எக்ஸ்டி என்று குழுக்கள் வரிசையாக, ஒவ்வொரு வரியின் கடைசி முக்காற்புள்ளிக்கு அப்பால் என் பெயர். புதியதில் அந்த இடமெல்லாம் வெறுமை. பதிவுகளைப் படிக்கும் உரிமை தரும் குழுவும் போயிருந்தது. அது நினைவில் இருந்து எனக்கு வந்திருக்கவே வராது.

வட்டை எழுதும் நிலைக்கு மாற்றி, முதலில் அந்தப் பிரதியை வேறிடத்தில் நகலெடுத்துவைத்தேன். பிறகு ஜிபாஸ்வேர்டு கட்டளையில் '-ஏ' கொடுத்து ஒவ்வொரு குழுவாகச் சேர்த்தேன். அது ஒரு நேரத்தில் ஒரு குழுவைத்தான் தொடும், மற்றவற்றைக் கலைக்காது. இனி எனக்கு அதுதான். மறுதொடக்கத்துக்குப் பின் என் குழுக்களைக் காட்டும் ஐடி கட்டளையில் டயல்அவுட் உட்பட முழுப் பட்டியலும் வந்தபோதுதான் மூச்சு வந்தது.

தொலைவில் உள்ள சர்வரில் இதைச் செய்பவர்கள், ரூட்டாக நுழைந்த ஒரு டெர்மினலைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றில் புதிதாக நுழைந்து சூடோ வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு முதலாவதை மூடுங்கள்.