மரத்த காலும் பிரேக் மிதியும்

சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்கு வண்டி ஓட்டும்போது பெரிய ஆபத்து, கால் எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் போவதுதான். பிரேக்கை மிதிப்பதாக நினைத்திருப்பீர்கள்; பாதிப் பாதம் ஆக்சிலேட்டர் மேல் கிடக்கும். நாங்குநேரி நாலுவழிச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி தடுமாறினால், வண்டி 8 மீட்டர் போயிருக்கும்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். கண்ணை மூடிப் படுங்கள். கால் பெருவிரலின் இரு பக்கத்தையும் பிடித்து வீட்டார் மெல்ல மேலும் கீழும் அசைக்கட்டும். விரல் மேலே போகிறதா கீழே போகிறதா என்று சொல்லத் திணறினால், சாவியை வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். சரியாகச் சொன்னாலும் டாக்டரிடம் 10 கிராம் இழைச் சோதனையும் (மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு பார்ப்பது) 128 ஹெர்ட்ஸ் இசைக்கவைச் சோதனையும் (அதிரும் கவையைக் காலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பது) அவசியம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள். அது குறைந்தாலும் கால் மரக்கும்.

செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் போட்டுவிட்டு வெறுங்காலில் ஓட்டும் நம்மூர்ப் பழக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. பிரேக் போட்டதும் செருப்பு முன்னால் சறுக்கி மிதிக்கடியில் மாட்டும். மிதி பாதியில் நின்றுவிடும். சித்திரை வெயிலில் நின்ற வண்டியின் சூடு கொப்புளம் போட்டாலும் மரத்த காலுக்கு உறைக்காது. குதிகால் மூடிய, அடிப்பாகம் மெல்லிய, தட்டையான ஷூ போடுங்கள்.

ஆட்டோமேட்டிக் கார் கிளட்ச் வேலையைத்தான் குறைக்கும். பிரேக் அப்போதும் காலில்தான். இரண்டு காலும் மரத்திருந்தால் கைலிவர் பொருத்த வேண்டும்: தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலேட்டர் என்ற வகை உண்டு. ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் பதிந்த பிறகே ரோட்டில் இறக்குங்கள்.